திருத்தி எழுதும் உரிமை

கணினியும் மின்னணுவியலும் புதுச்சேரிக்குப் புதியவை அல்ல. எச்சிஎல், விப்ரோ என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் மேசைக் கணினிகளை இந்த ஊர்த் தொழிற்பேட்டைகளில் பொருத்தி நாடெங்கும் அனுப்பிய காலம் உண்டு. சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என்று பெயரைச் சொன்னாலே தொழிற்கூடங்கள்தான் நினைவுக்கு வரும். லாஸ்பேட்டையில் அரசுப் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் ஐடிஐ இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. காலாப்பட்டில் 1985இல் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சம் பேர்கூட இல்லாத ஒரு ஆட்சிப்பகுதிக்கு இவை தாராளம். ஆனாலும் டையோடு ஏன் ஒரு பக்கமாக மட்டும் மின்னோட்டத்தை விடுகிறது, நிரலில் ஒரு லூப் எப்படிச் சுற்றி வருகிறது என்பனவற்றைத் தமிழில் முதலிலிருந்து கடைசி வரை விளக்கும், தன் பாடத்திட்டத்துக்கும் பொருந்தும் ஒரு புத்தகத்தை இங்குள்ள அரசுப் பள்ளி மாணவரோ பாலிடெக்னிக் மாணவரோ தேடினால் நெடுநேரம் தேட வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் பணம்தான் என்று சொல்லத் தோன்றும். அது உண்மையாக இருந்த காலமும் உண்டு. வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் பாதியை விழுங்கியது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதிக்கு வகுப்பே வரிசையில் நின்றது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தத் தடை ஏறக்குறைய விலகிவிட்டது. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடக்குறிப்புகளையும் பயிற்சிக் கணக்குகளையும் தேர்வுத்தாள்களையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பதாக அறிவித்தது. 2003இல் நம் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. இன்று மின்சுற்று முதல் இயங்குதளம் வரை அவற்றின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைப் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இருக்கும் மாணவர் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஐடிஐ படிப்புகளுக்கான நூல்களைச் சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றுக் கருவி நிறுவனம் தயாரிக்கிறது; எலக்ட்ரீஷியன் போன்ற தொழிற்பிரிவுகளுக்கு அவை தமிழிலும் வருகின்றன, பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பணமின்றிக் கிடைக்கின்றன. பொறியியல், டிப்ளமோ நூல்களை இந்திய மொழிகளில் எழுதவைக்கும் வேலையை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2021 முதல் மேற்கொண்டிருக்கிறது. அவற்றிலும் தமிழ் உண்டு.

ஆக, இலவசத்துக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நூல் படிப்பதற்கு இலவசமாகக் கிடைக்கலாம். அதே நூலை எடுத்து மொழிபெயர்த்து, நம் பாடத்துக்கும் நம் கடையில் கிடைக்கும் உதிரிபாகத்துக்கும் ஏற்ப மாற்றி, பிழை திருத்தி, மாற்றிய வடிவத்தை மீண்டும் வெளியிட நமக்கு உரிமை உண்டா என்பது தனிக் கேள்வி. பெரிய நாட்டுக்கும் பெரிய மொழிச் சந்தைக்கும் முதல் வசதியே போதுமானதாக இருக்கலாம். புதுச்சேரி போன்ற சிறிய ஆட்சிப்பகுதிக்கு இரண்டாவதுதான் உயிர்நாடி. அந்த உரிமையை மக்களுக்குப் பெற்றுத்தரும் வழியைத் தமிழர்கள் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறார்கள். அந்த வழி முதன்முதலில் திறந்தது இந்த ஊரில் எழுதப்பட்ட பாடல்களுக்காக என்பதால், புதுச்சேரிக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் பள்ளியைப் பார்ப்போம். புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. தமிழ்நாடு 2018லும் 2019லும் மேல்நிலைக் கணினி அறிவியல் நூல்களைப் புதிதாக எழுதியது: 11ஆம் வகுப்புக்கு சி++, 12ஆம் வகுப்புக்குப் பைத்தானும் தரவுத்தளமும். இரண்டும் தமிழ்வழியிலும் வந்தன. எந்தக் கிராமத்து மாணவரும் அவற்றை இணையத்தில் தரவிறக்கிப் படிக்க முடிந்தது. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அந்த முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். அதற்குள் நான் போகவில்லை. கணினிப் பாடத்தில் அதன் விளைவு என்ன என்பதை மட்டும் பார்க்கிறேன். இப்போது அந்த மாணவருக்கு உரிய நூல்கள் என்சிஇஆர்டி 2019லும் 2020லும் வெளியிட்டவை. பைத்தானைத்தான் அவையும் கற்பிக்கின்றன, நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, தளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் தமிழில் இல்லை. லாஸ்பேட்டையில் ஒரு கணினி ஆசிரியர் தன் மாணவர்களுக்காக அவற்றைத் தமிழில் எழுதி மற்றப் பள்ளிகளுக்கும் வெளியிடலாம் என்று முனைந்தால், நூலின் முதல் பக்கங்களிலேயே எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்ற அறிவிப்பு அவரைத் தடுக்கிறது. படிக்கலாம், பிரதி எடுத்து வகுப்பில் கொடுக்கலாம். மாற்றி எழுதி வெளியிட முன் அனுமதி வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட நூலுக்கு இப்படியொரு பூட்டு எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பூட்டு இல்லாத நூல் என்ன ஆகும் என்பதற்கு மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1999இல் அமெரிக்காவின் கோல்பி கல்லூரியில் ஆலன் டௌனி என்ற ஆசிரியர் நிரலாக்க அறிமுக வகுப்பு நடத்தினார். சந்தையில் இருந்த பாடநூல்கள் தடிமனாக இருந்தன. மாணவர்கள் படிக்கவில்லை, பலர் தோற்றார்கள். அடுத்த முறை வகுப்பு தொடங்குமுன் நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதின்மூன்று நாளில் அவரே ஒரு சிறிய நூலை எழுதினார். அது ஜாவா மொழிக்கானது. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்ற உரிமத்தோடு அதை வெளியிட்டார். வர்ஜீனியா மாநிலத்தில் ஜெஃப்ரி எல்க்னர் என்ற பள்ளி ஆசிரியர் அதைக் கண்டார். தன் மாணவர்களுக்கு ஜாவாவைவிடப் பைத்தான் எளிது என்று கருதிய அவர், நூல் முழுவதையும் பைத்தானுக்கு மாற்றி எழுதினார். பிறகு அதன் ஒரு பிரதியை டௌனிக்கே அனுப்பினார். டௌனிக்கு அதுவரை பைத்தான் தெரியாது. தன் சொந்த நூலின் மாறிய வடிவத்தைப் படித்துத்தான் அவர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். அந்த நூல் பின்னாளில் ‘திங்க் பைத்தான்’ என்று வளர்ந்து உலகெங்கும் பாடநூலாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியவர் எல்க்னர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். எந்தப் பதிப்பாளரும் அவரிடம் நூல் கேட்டிருக்க மாட்டார். வகுப்பில் என்ன தடுமாற்றம் வருகிறது என்று அறிந்த ஓர் ஆசிரியர், அவ்வளவே. அத்தகையவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்த அனுமதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மின்னணுவியலிலும் இப்படியொரு நூல் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பித்த டோனி குஃபால்ட், மின்சுற்றுப் பாடங்களை ஆறு தொகுதிகளாக எழுதினார்: நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம், குறைகடத்திகள், டிஜிட்டல் சுற்றுகள், குறிப்பு அட்டவணைகள், செய்முறைகள். ஐடிஐ, டிப்ளமோ நிலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய நூல் அது. கணிதத்தை வேண்டிய அளவு மட்டுமே கொண்டு வந்து, ஒவ்வொரு கருத்தையும் பொறுமையாக விரிக்கும். செய்முறைத் தொகுதி, பேட்டரியும் சிறு பல்பும் மல்டிமீட்டரும் வைத்து வீட்டிலேயே தொடங்கச் சொல்கிறது. அவரும் திருத்த அனுமதிக்கும் உரிமத்தில்தான் வெளியிட்டார். அதனால் பிழையைச் சுட்டியவர்களும் புதிய பகுதி எழுதியவர்களும் நூலுக்குள்ளேயே பெயரோடு இடம்பெற்றார்கள். இந்த ஆறு தொகுதிகளைத் தமிழாக்க நாம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால் போதும். நான் அறிந்தவரை அந்த வேலைக்கு ஒரு அரசோ பல்கலைக்கழகமோ தமிழில் இன்னும் முன்வரவில்லை. இதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

திருத்தும் உரிமை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம், இந்தத் துறையில் நூல் பழசாகும் வேகம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நின்றது. இரண்டுக்கும் நடுவே மாறியவற்றில் ஒன்று, திரையில் ஒரு சொல்லை அச்சிடும் மிக எளிய கட்டளையே. பழைய நூலைப் பார்த்து முதல் நிரலை எழுதும் மாணவருக்கு முதல் வரியிலேயே பிழைச் செய்தி வரும். தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்து அங்கேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அச்சில் ஆயிரம் பிரதி போட்ட தமிழ்ப் பதிப்பாளர், அவை விற்றுத் தீரும் வரை புதுப் பதிப்புக்கு முதல் போட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் கல்லூரிகள் பலவற்றில் 1990களின் டர்போ சி++ இன்றும் கோலோச்சுவதற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணமல்ல. பாடத்திட்டம், செய்முறைக் கையேடு, தேர்வு எல்லாம் ஒரு பழைய நூலோடு கட்டப்பட்டிருக்கின்றன, அந்த நூலைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லை.

தமிழில் இந்த வழியில் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி, யாரும் பகிரவும் மாற்றவும் தக்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. அதன் ஆசிரியர் த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் கட்டற்ற தமிழ் மின்னூல்களுக்கு ஒரு வீடாயிற்று. து. நித்யா மைஎஸ்கியூஎல், குனு லினக்ஸ், எச்டிஎம்எல் போன்றவை பற்றி ‘எளிய தமிழில்’ என்ற தலைப்போடு எழுதிய நூல்கள் பலருக்கு முதல் கதவைத் திறந்துவிட்டன. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி தருகிறது; பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறது. இவர்கள் எல்லோரும் வேலை முடிந்த மாலையிலும் விடுமுறை நாளிலும் இதைச் செய்கிறார்கள். அந்த உழைப்பின் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் எழுதுபவர் தனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். டிப்ளமோ இரண்டாம் பருவத்துக்கான மின்சுற்று நூலின் ஏழாம் அத்தியாயத்தை ஜூன் மாதத்துக்குள் முடித்துத் தாருங்கள் என்று அவரிடம் கேட்க முடியாது. ஊதியம் இல்லாமல் பாடநூல் தொகுதி உருவாகாது.

இங்கே முதல் மறுப்பு எழும். கணினி வேலைக்கு ஆங்கிலம் கட்டாயம் தேவை. தமிழில் கற்றால் மாணவர் பின்தங்கிவிடுவார் என்பது அது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதனால் அக்கறையோடு பதில் சொல்ல வேண்டும். மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இதற்கு நடைமுறையிலேயே பதில் கண்டது. ஒரு மென்பொருளைப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கற்பிக்கும் அந்தப் படங்களில் பேச்சு தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் மாறுகிறது. திரையில் தெரிவதெல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மாணவர் விளக்கத்தைத் தன் மொழியில் கேட்கிறார், கட்டளைகளையும் மெனுக்களையும் ஆங்கிலத்தில் பார்த்துப் பழகுகிறார். வேலைக்குப் போகும்போது அவருக்கு எதுவும் அந்நியமாக இராது. உரிமமும் திறந்தது. ஓம் விதியையும் ஆங்கில வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் முதன்முறையாகச் சந்திக்கும் மாணவர் இரண்டு சுமைகளைச் சேர்த்துத் தூக்குகிறார். பெரும்பாலும் அவர் கீழே வைத்துவிடுவது ஓம் விதியைத்தான். தமிழில் புரிந்துகொண்ட பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் படிப்பது பல மடங்கு எளிது. இது ஒன்றும் புதிய சோதனையும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் உடற்கூறு நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அன்று உடற்கூற்றியலைத் தாங்கிய மொழி இன்று டிரான்சிஸ்டரைத் தாங்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்று கடைக்காரரும் மாணவரும் சொல்வதை அப்படியே வைத்துக்கொண்டு, வாக்கியத்தைத் தெளிவான தமிழில் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது: இணையத்தில் இலவசமாகக் கற்கத் தொடங்குபவர்களில் மிகச் சிலரே முடிக்கிறார்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது. 2012இல் எம்ஐடி தன் ‘சுற்றுகளும் மின்னணுவியலும்’ பாடத்தை முழுமையான இணைய வகுப்பாக நடத்தியது. நடத்தியவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த அனந்த் அகர்வால். பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். தேறிச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இந்த எண்ணை மறைக்க நான் விரும்பவில்லை. இலவசப் பாடம் தானாகவே எல்லோரையும் கரையேற்றும் என்று நம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. ஆனால் அதே வகுப்பில் மங்கோலியாவின் உலான்பாட்டர் நகரத்துப் பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் முழு மதிப்பெண் பெற்றார். எப்படி என்று பார்த்தால், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் எம்ஐடியில் படித்தவர். தன் மாணவர்கள் சிலரைச் சேர்த்து அந்தப் பாடத்தில் உட்காரவைத்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் கருவிகளையும் உதிரிபாகங்களையும் பெட்டியில் கொண்டுவந்து, திரையில் பார்த்ததை அவர்கள் கையால் செய்துபார்க்க உதவினார். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மாணவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை ஒரு குழு, ஒரு வழிகாட்டி, ஒரு பெட்டி நிறையக் கருவிகள். திறந்த பாடத்தை ஒதுக்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகாது. அதைச் சுற்றி ஓர் இடத்தை அமைக்க வேண்டும் என்பதற்கே சான்றாகிறது.

மின்னணுவியலைப் புத்தகத்தில் கற்க முடியாது என்ற மறுப்புக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. உண்மைதான்: சால்டரிங் இரும்பின் நுனி எவ்வளவு சூடாக வேண்டும், ஈயம் எப்போது பளபளத்து ஓடும் என்பது கைக்குத்தான் தெரியும். ஆனால் கை பழகும் செலவு மிகவும் குறைந்துவிட்டது. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுவினோ பலகையின் வரைபடமே திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் அதைச் செய்து விற்கலாம்; சில நூறு ரூபாய்க்கு ஒரு பலகை, ஒரு ப்ரெட்போர்டு, கொஞ்சம் எல்இடி, கம்பிகள் எல்லாம் வாங்கிவிடலாம். சுற்றைக் கணினியிலேயே வரைந்து ஓட்டிப் பார்க்க, மும்பை ஐஐடியில் உருவான ஈசிம் போன்ற மென்பொருள்கள் இலவசம். கட்டற்ற நூல் இங்கேதான் தன் முழுப் பயனைக் காட்டும்: அமெரிக்க நூல் கேட்கும் டிரான்சிஸ்டருக்குப் பதில் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைப்பதை வைத்துச் செய்முறையை மாற்றி எழுதலாம், அங்கத்திய 120 வோல்ட் கணக்குகளை நம் 230 வோல்ட்டுக்கு மாற்றலாம். மின்னழுத்தம் தவறினால் உயிருக்கே ஆபத்தான துறையில் இது சிறிய விஷயமல்ல.

யூடியூப் இருக்கும்போது நூல் எதற்கு, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். காணொளி நல்ல தொடக்கம். ஆனால் பதினெட்டாம் நிமிடத்தில் உள்ள பிழையை யாரும் திருத்த முடியாது, மறுபடி முழுதும் எடுக்க வேண்டும். ஒரு சூத்திரத்தைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. நுண்ணறிவுக் கருவிகள் பதில் சொல்கின்றன, பல நேரம் சரியாகவே சொல்கின்றன. தவறாகச் சொல்லும்போதும் அதே உறுதியோடு சொல்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பலர் சரிபார்த்த ஒரு நூல் பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மேலும் அந்தக் கருவிகள் எழுத்தில் இருப்பதிலிருந்துதான் கற்கின்றன. தமிழில் மின்னணுவியல் எழுத்து சொற்பமாக இருந்தால் அவற்றின் தமிழ்ப் பதில்களும் அந்த அளவில்தான் இருக்கும்.

மீதி இருப்பது, யார் பணம் தருவது என்ற கேள்வி. எழுதுபவருக்கு ஊதியம் வேண்டும், நூல் எல்லோருக்கும் திறந்திருக்கவும் வேண்டும். இரண்டும் எப்படிப் பொருந்தும்? தமிழ் வாசகருக்கு இதன் விடை தெரிந்ததுதான். சுப்பிரமணிய பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இங்கே எழுதப்பட்டவை. அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் பாடலைப் படத்தில் பாடவோ ஒலிபரப்பவோ தனியாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். 1949இல், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், சென்னை மாகாண அரசு அந்த உரிமையைத் தன் வசம் ஏற்றது. படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் தன்னிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தினருக்கு அரசு ஒரு தொகை அளித்தது. 1950களின் நடுவில் அந்தப் படைப்புகள் மக்களுக்குப் பொதுவாயின. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். நாட்டுடைமை என்று நாம் சொல்வது அங்கே தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டு அரசு புதுச்சேரியின் பாரதிதாசன் உள்ளிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியது. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு ஒருமுறை பணம் தரும். அதன்பின் யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம். மேலைநாடுகளில் திறந்த உரிமங்களைப் பற்றிப் பேச்சு எழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நம்மிடம் இந்த வழக்கம் இருக்கிறது. இறந்த கவிஞருக்குச் செய்ததை உயிரோடு இருக்கும் பாடநூல் ஆசிரியருக்குச் செய்யக் கூடாதா? எழுதும்போதே ஊதியம் கொடுத்து, எழுதி முடித்த நாளிலேயே நாட்டுடைமை ஆக்கினால் என்ன?

இதற்கும் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பாரதி நாட்டுடைமையான பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. அவற்றில் அச்சுப்பிழைகளும் பாட மாற்றங்களும் மலிந்தன. யாரும் தொடலாம் என்றால் யாரும் கெடுக்கலாம் என்றும்தானே பொருள்? ஆம். ஆனால் அதே திறப்புதான் சீனி. விசுவநாதன் போன்ற ஒருவர் பாரதி எழுத்துகளைக் காலவரிசைப்படி தொகுத்துப் பல தொகுதிகளாக வெளியிடவும் இடம் தந்தது. கெட்ட பதிப்புக்கு மருந்தாக வந்தது நல்ல பதிப்பு. மீண்டும் பூட்டியிருந்தால் அது வந்திராது. கணினி நூலுக்கு இதைவிட வலுவான பாதுகாப்பு இருக்கிறது. யார் எந்த வரியை எந்த நாளில் மாற்றினார் என்பதைப் பதிவு செய்யும் கருவிகளை மென்பொருள் எழுதுபவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். மாணவர் கையில் போவது ஆசிரியர் குழு பார்த்து ஒப்புதல் தந்த பதிப்பு. திருத்தங்கள் தனியே சேர்ந்துகொண்டிருக்கும், ஆண்டுக்கொருமுறை பார்த்து ஏற்கலாம். திறந்திருப்பது என்றால் பொறுப்பாளர் இல்லாமல் இருப்பது என்று பொருளல்ல.

புதுச்சேரி இதைச் செய்யத் தக்க அளவில் இருக்கிறது. சிறிய இடம் என்பதே இங்கே சாதகம்: பள்ளிக் கல்வித்துறை, இரண்டு மூன்று பாலிடெக்னிக்குகள், ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கின்றன, நூல் எழுதுபவரும் அதை வகுப்பில் சோதிப்பவரும் வாரந்தோறும் சந்திக்க முடியும். சந்தை மிகச் சிறியது என்பதால் தனியார் பதிப்பாளர் யாரும் புதுச்சேரிக்கென்று தமிழில் ஒரு பைத்தான் நூலைப் போட மாட்டார் என்பதும் உறுதி. ஆனால் இங்கே எழுதப்படும் நூல் திறந்த உரிமத்தில் வந்தால் கடலூரும் மதுரையும் மட்டக்களப்பும் அதை எடுத்துக்கொள்ளும்; அவர்களின் திருத்தம் திரும்பி இங்கே வரும். இந்த ஊரில் 1827இலேயே நூலகம் அமைந்தது. இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இயங்குகிறது. அப்படியொரு நூலகத்தின் ஓர் அறையில் பத்துக் கணினிகளும் நான்கு சால்டரிங் மேசைகளும், மாலையில் உடன் உட்கார ஒரு வழிகாட்டியும் இருந்தால், மங்கோலியாவில் தலைமையாசிரியர் ஒருவர் தன் முயற்சியில் செய்ததை இங்கே அரசே நிலையான ஏற்பாடாகச் செய்துவிடலாம்.

எதை முதலில் எழுதுவது என்றால், 11, 12ஆம் வகுப்புப் பைத்தான் பாடத்துக்குத் துணைநூலை முதலில் எழுதச் சொல்வேன். பாடத்திட்டம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் என்சிஇஆர்டி நூலைத் தொடாமலே சொந்த எடுத்துக்காட்டுகளோடு புதிதாக எழுதலாம், திறந்த ‘திங்க் பைத்தான்’ மரபைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்தது குஃபால்ட்டின் முதல் தொகுதியும் செய்முறைத் தொகுதியும், நம் உதிரிபாகங்களுக்கு மாற்றி. மூன்றாவதாக ஐடிஐ மாணவருக்கு எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கையேடு ஒன்று. அது வேலைக்கும் வருமானத்துக்கும் மிக அருகில் இருப்பது. எந்த நூலானாலும் உரிமத்தை முதல் அத்தியாயத்துக்கு முன்பே, எழுதுபவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பலர் கைபட்ட நூலின் உரிமத்தைப் பின்னால் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை விக்கிப்பீடியா காட்டியிருக்கிறது: 2009இல் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறுவதற்கு, பழைய உரிமத்தை எழுதியவர்களே அதில் ஒரு தனிப் பிரிவைச் சேர்த்துத் தர வேண்டியிருந்தது, பங்களிப்பாளர்களிடம் வாக்கெடுப்பும் நடத்த வேண்டியிருந்தது. புதுச்சேரியின் நூல்களுக்கு அந்தச் சிக்கல் வரத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.